நாலு பேருக்கு நல்லது



"நாலு பேருக்கு நல்லது நடக்கும்னா செஞ்சுட வேண்டியதுதானே?" இந்தப் பேச்சைக் கேட்காத வீடு உண்டா? குளத்து மடையை யார் பக்கம் முதலில் திறப்பது, தெருக்குழாயை எந்த முனையில் வைப்பது, ரோடு போட யார் நிலத்தை எடுப்பது என்று எந்தப் பேச்சு எழுந்தாலும், கடைசியில் யாராவது ஒரு பெரியவர் இதைச் சொல்லி முடித்து வைப்பார். 1987-இல் வந்த 'நாயகன்' படத்தின் கதையே இந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது.

இதற்கு எதிராகப் பேசுவது சுலபமில்லை. பேசினால் சுயநலக்காரர் என்ற பெயர் வரும். ஆனாலும் சில சமயம் இந்த வார்த்தையைக் கேட்டதும் நம் மனசு ஒப்புவதில்லை. எங்கேயோ ஒருவருக்கு அநியாயம் நடக்கிறது என்று உறுத்துகிறது. அந்த உறுத்தல் ஏன் வருகிறது? எப்போது இந்த வாதத்தை நம்பலாம், எப்போது நம்பக் கூடாது? இந்த மாதம் உங்களோடு இதைத்தான் பேச நினைக்கிறேன்.

இதை ஒரு முழுத் தத்துவமாகக் கட்டியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜெரமி பெந்தம். 1789-இல் வெளிவந்த நூலில் அவர் வைத்த அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். ஒரு செயலால் மொத்தத்தில் இன்பம் கூடுகிறதா, துன்பம் கூடுகிறதா? கூடுவது இன்பமானால் அது நல்ல செயல். பயன்பாட்டுவாதம் என்று இன்று நாம் சொல்வது இதைத்தான்.

இன்பதுன்பத்தை எப்படி அளப்பது? அதற்கும் ஏழு கேள்விகள் வைத்தார் பெந்தம். எவ்வளவு ஆழமானது, எவ்வளவு காலம் நிற்கும், எவ்வளவு நிச்சயம், எவ்வளவு சீக்கிரம் வரும், அதிலிருந்து மேலும் இன்பம் விளையுமா, கூடவே துன்பம் கலந்து வருமா, எத்தனை பேரைத் தொடும். நம் வீடுகளில் நகையை விற்று மாடு வாங்கலாமா என்று யோசிக்கும்போது, பெயர் தெரியாமலேயே இந்த ஏழையும் நாம் கேட்டுப் பார்க்கிறோம், இல்லையா?

பெந்தம் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது, எண்ணும்போது ஒவ்வொருவரும் ஒன்று என்பது. பண்ணையார் ஒன்று, அவர் வயலில் களை எடுக்கும் அம்மாவும் ஒன்று. யாரும் ஒன்றுக்கு மேல் இல்லை, யாரும் ஒன்றுக்குக் கீழும் இல்லை. வலி தெரிகிற உயிரென்றால் மிருகத்தையும் சேர்க்கத்தான் வேண்டும் என்றார். மணப்பாறை மாட்டுச் சந்தைக்கு லாரியில் நெருக்கியடித்து ஏற்றப்படும் மாடுகளும் அவர் கணக்கில் வந்துவிடும்.

அவருக்குப் பின் வந்த ஜான் ஸ்டூவர்ட் மில், இன்பத்தில் அளவை மட்டும் பார்த்தால் போதாது, தரத்தையும் பார்க்க வேண்டும் என்றார். வயிறு நிறைவது ஓர் இன்பம். படித்து ஒரு விஷயம் விளங்குவது அதைவிட உயர்ந்த இன்பம். 1861-இல் ஒரு பத்திரிகையில் மூன்று பகுதிகளாக வந்து, 1863-இல் புத்தகமானது அவருடைய விளக்கம்.

இந்த மில்லுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1823-இல் பதினேழு வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, 1858 வரை அங்கேயே இருந்தார். இந்தியாவுக்குப் போகும் அரசாங்கக் கடிதங்களை வரைவது அவர் வேலை. சுதந்திரத்தைப் பற்றி உலகமே போற்றும் நூலை 1859-இல் எழுதியவரும் அவர்தான். அந்த நூலிலேயே, பின்தங்கிய சமூகங்களுக்கு இந்தச் சுதந்திரம் பொருந்தாது என்றும் எழுதிவைத்தார். ஒவ்வொருவரையும் ஒன்றாக எண்ண வேண்டும் என்ற பள்ளியில் படித்தவரே, கோடிக்கணக்கான பேரை ஓரமாக நிறுத்திவிட்டார்.

அதனால்தான் சொல்கிறேன். கூட்டல் கழித்தலில் பெரும்பாலும் தப்பு வருவதில்லை. யாரைச் சேர்க்கிறோம், யாரை விடுகிறோம் என்பதில்தான் தப்பு வருகிறது.

சரியாகச் சேர்த்து எண்ணினால் என்ன நடக்கும் என்பதற்கும் நம் திருச்சி மாவட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1982 ஜூலை 1 அன்று, திருச்சியை ஒட்டிய பாப்பாக்குறிச்சியில்தான் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே காமராஜர் பள்ளிகளில் மதிய உணவுக்கு வழி செய்திருந்தார். இவ்வளவு பணத்தைச் சோற்றில் போடுவதா, அதில் தொழிற்சாலை கட்டலாமே என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் பசியில் இருக்கும் குழந்தையின் தட்டில் விழும் ஒரு ரூபாய், நிறைந்த வயிற்றுக்குப் போகும் ஒரு ரூபாயைவிடப் பல மடங்கு நன்மை செய்கிறது. அந்தக் குழந்தை பள்ளிக்கு வருகிறது, படிக்கிறது, பின்னாளில் ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்துகிறது. பெந்தம் கேட்ட ஏழு கேள்விகளுக்கும் இதில் நல்ல பதில் இருக்கிறது. நாலு பேருக்கு நல்லது என்ற வாதத்தின் மிக அழகான முகம் இது.

இனி, நம்மைச் சங்கடப்படுத்தும் பக்கத்துக்கு வருகிறேன். அதற்கு வையம்பட்டி வட்டாரத்துக்குப் போக வேண்டும்.

திருச்சியிலிருந்து திண்டுக்கல் போகிறவர்களுக்கு வையம்பட்டியைத் தெரிந்திருக்கும். காவிரி பாயும் ஸ்ரீரங்கம் இருக்கும் அதே மாவட்டம்தான். ஆனால் இங்கே பூமி வேறு. வானம் பார்த்த மானாவாரி நிலம், அடியில் கருங்கல் பாறை. கிணறு வற்றினால் போர்வெல் போட வேண்டும். நீரோட்டம் பார்க்க ஆள் வருவார், ரிக் வண்டி வரும், ராத்திரி முழுக்கச் சத்தம் கேட்கும். வீடே தூங்காமல் நிற்கும். தண்ணீர் பீய்ச்சி அடித்தால் பொங்கல் வைக்காத குறைதான். "புகைதாங்க வந்துச்சு" என்றால் அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது. கடன் மட்டும் மிஞ்சும், தோட்டத்தின் நடுவே ஒரு ஓட்டையும் மிஞ்சும்.

அந்த ஓட்டையை என்ன செய்வது? இங்கேதான் நாம் ஒவ்வொருவரும் மனசுக்குள் ஒரு கணக்குப் போடுகிறோம். ஏற்கெனவே கடன். கேசிங் பைப்பைக் கழற்றி விற்றால் கொஞ்சம் பணம் வரும். மூடி போடவும் வெல்டிங் வைக்கவும் தனிச் செலவு. நம் தோட்டத்துக்குள் யார் வரப்போகிறார்கள்? அடுத்த மழைக்கு ஊற்று திரும்பினாலும் திரும்பும். இப்போதைக்கு ஒரு சாக்கைப் போட்டு, மேலே கல்லை வைத்தால் போதாதா?

அந்த ஒரு நிலத்தை, அந்த ஒரு நாளை மட்டும் பார்த்தால் இந்தக் கணக்கு அவ்வளவு மோசமாகத் தெரியாது. ஆபத்து வர வாய்ப்பு குறைவு. செலவோ கண்ணெதிரே நிற்கிறது. ஒவ்வொரு செயலையும் தனியாக எடுத்து, அதன் லாப நஷ்டத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வதைச் செயல்வழிப் பயன்பாட்டுவாதம் என்பார்கள். ஆனால் மாநிலம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் இதே கணக்கைப் போட்டு, ஆயிரக்கணக்கான ஓட்டைகளைச் சாக்குப் போட்டு விட்டால் என்ன ஆகும்? எங்கோ ஒரு குழந்தை விழுவது கிட்டத்தட்ட நிச்சயமாகிவிடுகிறது. எந்தக் குழந்தை, எந்த ஊர் என்பது மட்டும்தான் தெரியாது.

விதிவழிப் பயன்பாட்டுவாதம் பிறந்தது இந்த இடத்தில்தான். ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து புதிதாகக் கணக்குப் போடாதே. எல்லோரும் எந்த விதியைக் கடைப்பிடித்தால் எல்லோருக்கும் நல்லதோ, அந்த விதியை உனக்கு வசதியில்லாத நாளிலும் கடைப்பிடி என்கிறது அது. ஆர்.எம்.ஹேர் என்ற தத்துவ ஆசிரியர் 1981-இல் இரண்டையும் இணைத்தார். அன்றாட வாழ்க்கைக்கு விதி போதும். இரண்டு விதிகள் ஒன்றோடொன்று மோதும் அபூர்வ நேரத்தில் மட்டும் நிதானமாக உட்கார்ந்து கணக்குப் பார் என்றார். அவசரத்திலும் கடன் நெருக்கடியிலும் நாம் போடும் கணக்கு நமக்குச் சாதகமாகவே சாயும் என்பது குடும்பம் நடத்துகிற எல்லோருக்கும் தெரியும்தானே?

போர்வெல் விஷயத்தில் அப்படி ஒரு விதி ஏற்கெனவே இருக்கிறது. 2010 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம் இந்தியா முழுமைக்கும் வழிமுறைகள் வகுத்தது. போர் போடுவதற்கு 15 நாள் முன்பே அதிகாரிகளிடம் எழுத்தில் சொல்ல வேண்டும். பதிவு பெற்ற நிறுவனம்தான் துளையிட வேண்டும். வேலை நடக்கும்போது அறிவிப்புப் பலகையும் முள்வேலியும் இருக்க வேண்டும். கேசிங் பைப்பைச் சுற்றி சிமென்ட் மேடை கட்டி, வாயை இரும்புத் தகட்டால் வெல்டிங் செய்தோ போல்ட் முறுக்கியோ மூட வேண்டும். மோட்டாரை ரிப்பேருக்கு எடுக்கும் நாளில்கூடத் திறந்து விடக் கூடாது. கைவிட்ட கிணறு என்றால் அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கல் கொண்டு நிரப்ப வேண்டும். தமிழ்நாடு அரசும் 2015-இல் ஊராட்சிப் பகுதிகளுக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது.

விதி இருந்தது. அப்புறமும் அந்த நாள் வந்தது.

2019 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை மாலை. மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில், விளையாடிக்கொண்டிருந்த இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. முதலில் சுமார் 26 அடியில் சிக்கியிருந்த குழந்தை, பிறகு 88 அடி வரை சரிந்தது. தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தது. ஓ.என்.ஜி.சி., என்.எல்.சி. நிறுவனங்களின் உதவி வந்தது. பக்கத்தில் இன்னொரு குழி தோண்டிக் குழந்தையை எட்டிவிடலாம் என்று பார்த்தால், அந்த வட்டாரத்தின் கெட்டிப் பாறை ரிக் இயந்திரங்களை நகர விடவில்லை. 27-ஆம் தேதி தீபாவளி. எத்தனை வீடுகளில் பட்டாசைத் தொடாமல் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்! கோயிலிலும் சர்ச்சிலும் பள்ளிவாசலிலும் அந்தக் குழந்தைக்காகப் பிரார்த்தனை நடந்தது. 29-ஆம் தேதி அதிகாலை, உயிரற்ற உடல்தான் மேலே வந்தது.

அந்தக் குடும்பத்தின் மீது யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது. அங்கே இல்லாமல் போனது, நாம் எல்லோரும் சேர்ந்து கட்டாமல் விட்ட பாதுகாப்பு.

அந்த நாட்களில் சிலர் மெதுவாக ஒரு கேள்வி கேட்டார்கள். ஒரே ஒரு குழந்தைக்காக இவ்வளவு இயந்திரம், இவ்வளவு பணம், இவ்வளவு ஆட்களா? அதே பணத்தில் நூறு குழந்தைகளுக்கு மருத்துவம் பார்க்கலாமே? கேட்கக் கடுமையாக இருந்தாலும், நேர்மையான கேள்வி. நாலு பேருக்கு நல்லது என்று சொல்கிற நாம் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

என் பதில் இது. கண்ணெதிரே ஓர் உயிர் போராடும்போது செலவைப் பார்த்துக் கைவிடும் ஊரில், எந்தத் தாயும் நிம்மதியாகத் தூங்க முடியாது. நம் குழந்தை விழுந்தாலும் நாளைக்கு இதே கணக்கைத்தானே போடுவார்கள் என்ற பயம் வந்துவிடும். 'யார் விழுந்தாலும் தோண்டுவோம்' என்ற உறுதி ஒரு குழந்தைக்கு மட்டும் தரப்பட்டது போலத் தெரியும். உண்மையில் அது எல்லாக் குழந்தைகளுக்கும் தரப்பட்ட வாக்கு. அதனால் அந்த எண்பது மணி நேர உழைப்பு வீணில்லை, கணக்குப்படியும் அது சரிதான்.

ஆனால் அதே கணக்கு நம்மை இன்னொரு கேள்வியும் கேட்கிறது. விழுந்த பிறகு அத்தனை இயந்திரங்களை அனுப்பிய நாம், விழுவதற்கு முன்னால் ஒரு மூடியை ஏன் அனுப்பவில்லை? முகம் தெரிந்த குழந்தைக்காக நாம் அழுகிறோம். முகம் தெரியாத, இன்னும் விழாத குழந்தைக்காக ஒரு வெல்டரைக் கூப்பிட நமக்கு மனம் வருவதில்லை. அந்தத் தீபாவளியை ஒட்டிய நாட்களிலேயே, தூத்துக்குடியில் ஒரு குடும்பம் மீட்புப் பணியை டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அவர்களுடைய இரண்டு வயதுக் குழந்தை குளியலறைத் தொட்டித் தண்ணீரில் மூழ்கி இறந்தது. எந்தப் பெற்றோருக்கும் வரக்கூடாத துயரம். நம் கவனம் எல்லாம் ஓரிடத்தில் குவியும்போது, பக்கத்தில் இருக்கும் ஆபத்து கண்ணில் படாமல் போகிறது.

கார்ல் பாப்பர் என்ற தத்துவ அறிஞர் 1945-இல் சொன்னது இங்கே பொருந்துகிறது. இன்பத்தைப் பெருக்குகிறேன் என்று ஓடுவதைவிட, தவிர்க்கக்கூடிய துன்பத்தைக் குறைப்பது முதல் கடமை என்றார் அவர். அரசாங்கம் நம் எல்லோரையும் சந்தோஷப்படுத்த முடியாது. ஆனால் திறந்து கிடக்கும் ஓட்டையை மூட முடியும். ஊராட்சிக்கு ஒரு அலங்கார வளைவு முக்கியமா, கைவிட்ட போர்வெல்களின் பட்டியல் முக்கியமா? பாப்பரைப் படிக்காமலேயே நம் வீட்டுப் பெண்கள் இதற்குப் பதில் சொல்லிவிடுவார்கள்.

இதுவரை சொன்னது ஊர் விஷயம். வீட்டுக்குள்ளும் இதே கணக்கு நடக்கிறது, அங்கே இன்னும் கவனமாக இருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

மூத்தவள் பத்தாவது முடித்திருக்கிறாள், நன்றாகப் படிக்கிறாள். தம்பியையும் படிக்க வைக்க வேண்டும், அப்பாவுக்கு முடியவில்லை, வருமானம் போதவில்லை. "நீ நின்னுக்கோம்மா, மில்லு வேலைக்குப் போனா வீட்டுக்கு ஆகும், தம்பி படிச்சு மேலே வந்தா நம்ம எல்லாருக்கும் நல்லது" என்கிறார்கள். திண்டுக்கல், கரூர், திருப்பூர் பக்கம் மில்லுக்குப் போகும் எத்தனை பெண்களின் கதை இது! நாலு பேருக்கு நல்லதுதான். ஐந்தாவது ஆள் யார்? அவள்.

இந்தக் கோட்பாட்டின் மேல் சொல்லப்பட்ட மிகப் பெரிய குறை இதுதான். ஒருவர் இழப்பதை இன்னொருவர் அடைவதால் ஈடுகட்டி, மொத்தத் தொகை கூடிவிட்டது என்று திருப்திப்பட முடியுமா? ஜான் ரால்ஸ் 1971-இல் இதைக் கேட்டார். அவள் வேறு, தம்பி வேறு; அவளுடைய கனவைக் கழித்துத் தம்பியின் கணக்கில் வரவு வைக்க முடியாது. அவருக்கு முன்பே காந்தியடிகள் இதைக் கேட்டுவிட்டார். ஜான் ரஸ்கினின் நூலை 1908-இல் குஜராத்தியில் சுருக்கித் தந்தபோது, பெரும்பான்மையோரின் இன்பமே கடமை என்ற எண்ணத்தை ஏற்க மறுத்து, 'சர்வோதயம்' என்று அதற்குப் பெயர் வைத்தார். எல்லோரும் உயர வேண்டும், கடைசி ஆள் வரை.

இன்னொரு பக்கம், நம் அகில இந்திய வானொலியின் குறிக்கோள் 'பஹுஜன ஹிதாய, பஹுஜன சுகாய'. பலருடைய நலத்துக்காக, பலருடைய சுகத்துக்காக. 1939 மே 16 முதல் ஒலிக்கும் திருச்சி வானொலி நிலையத்தைக் கேட்டு வளர்ந்த வீடுகள் நம்முடையவை. பலருக்கு நல்லது என்பதும் நம் மரபுதான், கடைசி ஆளை விடாதே என்பதும் நம் மரபுதான். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது எப்படி?

பயன்பாட்டுவாதத்துக்குள்ளேயே இதற்கு ஒரு வழி உண்டு. இன்பம் எது என்று நாமே முடிவு செய்யாமல், சம்பந்தப்பட்டவர்களின் விருப்பத்தையே கணக்கில் எடு என்கிறது அதன் மற்றொரு வடிவம். ஹேரும், அவருடைய மாணவர் பீட்டர் சிங்கரும் அந்த வழியில் வந்தவர்கள். வீட்டில் இதைச் செய்வது கஷ்டமா என்ன? முடிவு எடுப்பதற்கு முன்னால் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்க வேண்டும். உண்மையாகவே கேட்க வேண்டும். "உங்க இஷ்டம்ப்பா" என்று அவள் சொன்னால் அதோடு விட்டுவிடக் கூடாது. தியாகம் செய்து பழகியவர்களுக்குத் தங்கள் விருப்பத்தைச் சொல்லவே கூச்சமாக இருக்கும். பல சமயம், கேட்ட பிறகுதான் மூன்றாவது வழி ஒன்று தெரியவரும். அரசுக் கல்லூரி, விடுதி, உதவித்தொகை, ஒரு வருடம் தள்ளித் தம்பிக்குச் செலவு என்று ஏதோ ஒன்று.

ஆக, யாராவது "நாலு பேருக்கு நல்லது" என்று சொல்லும்போது நாம் மூன்று கேள்வி கேட்போம் என்பதே என் வேண்டுகோள். நஷ்டப்படப் போகிறவரையும் சேர்த்து எண்ணினீர்களா? அவரிடம் கேட்டீர்களா? எல்லோரும் இதே மாதிரி செய்தால் என்ன ஆகும்? மூன்றுக்கும் நேர்மையான பதில் இருந்தால் தயங்காமல் கை கொடுப்போம். சத்துணவுத் திட்டம் போன்ற நல்ல காரியங்கள் அப்படித்தான் நிலைத்தன. பதில் இல்லாவிட்டால், எவ்வளவு பெரிய மனிதர் சொன்னாலும், கொஞ்சம் நில்லுங்கள் என்று சொல்வோம்.

இந்த வாரமே செய்யக்கூடிய ஒரு காரியமும் இருக்கிறது. உங்கள் நிலத்தில், உங்கள் சொந்தக்காரர் தோட்டத்தில், ஊர்ப் பொதுவிடத்தில் கைவிட்ட போர்வெல் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். முன்பே மண் போட்டு மூடியிருந்தாலும் பாருங்கள். மழைக்கு மண் உள்வாங்கும். சாக்கும் கல்லும் போதாது. முழுக்க நிரப்புங்கள், அல்லது இரும்பு மூடி போடுங்கள். விருப்பமிருந்தால் முறையான வடிகட்டியும் பாதுகாப்பான மூடியும் வைத்து அதை மழைநீர் சேகரிப்புக்கு மாற்றலாம். வற்றிய பூமிக்கே தண்ணீர் திரும்பும். அடுத்தவர் நிலம் என்றால் முதலில் அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் ஊராட்சி அலுவலகத்திலும், அதற்கும் மேலே கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரோடு மனஸ்தாபம் வருமே என்று தயங்காதீர்கள். மனஸ்தாபத்தைப் பேசிச் சரிசெய்துகொள்ளலாம்.

போர் போட்டதற்கு ஆன செலவில் ஒரு மூடி மிகச் சின்னப் பங்கு. அந்தச் சின்னச் செலவை நாம் ஒவ்வொருவரும் தள்ளிப் போடாமல் செய்தால், பெயர் தெரியாத எத்தனையோ குழந்தைகள் எதுவும் தெரியாமல் ஓடி விளையாடி வளர்வார்கள். யாரும் நமக்கு நன்றி சொல்ல மாட்டார்கள். நன்றி வராது என்று தெரிந்தே செய்ய வேண்டிய நல்லது இது. நீங்கள் செய்வீர்கள் என்று நம்புகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்